வாட்ஸ்அப் குழுவில் புதையும் பாட லிங்க்குகள்

வணக்கம் டீச்சர். தண்டையார்பேட்டையில் உங்கள் பள்ளி ஆசிரியர்கள் குழுவில் போடும் பாட லிங்க்குகள் மறுநாளே காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடுகின்றன, மூத்தவர்களுக்குத் தேடி எடுக்கத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

பழையவை தொலையவில்லை. குழுவின் பெயரைத் தொட்டு மீடியா பகுதிக்குள் போனால் லிங்க்குகள் தனியாகவே இருக்கும்.

இனி வருபவற்றுக்கு ஒரு கூகுள் ஷீட் போதும். வகுப்பு, பாடம், லிங்க், அப்புறம் அது எதற்கு உதவும் என்று ஒரு வரி. அந்த வரியை மட்டும் விடவே விடாதீர்கள். வெறும் லிங்க்கை ஆறு மாதம் கழித்து யாரும் திறக்க மாட்டார்கள். ஷீட்டின் முகவரியைக் குழு விவரத்தில் ஒட்டிவிட்டால் அது புதையாது.

மூத்தவர்களுக்கு நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் போனில், அவர்கள் விரலாலேயே முதல் லிங்க்கைச் சேர்க்க வையுங்கள்.