அறுபத்தொன்றில் ஒன்று: தொல் மரபணு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி (வாசகர், திருப்புவனம்): சைபீரியாவில் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய யானைப் பல்லிலிருந்தே டிஎன்ஏ எடுத்துவிட்டார்கள். கீழடி அருகே கொந்தகையின் முதுமக்கள் தாழிகளில் இருக்கும் எலும்புகள் அதைவிட எவ்வளவோ புதியவை. நம் மண்ணில் மட்டும் ஏன் இவ்வளவு சிரமம்?

பதில்: டிஎன்ஏவுக்கு வயதைவிட வெப்பமும் ஈரமும்தான் பெரிய எதிரிகள். 2021இல் வெளிவந்த அந்த மாமூத் (அழிந்துபோன யானை இனம்) ஆய்வின் கடைவாய்ப் பற்கள், ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணில் இருந்தவை. நம் ஊர்த் தாழிக்குள் மழைக்காலத்தில் நீர் இறங்கும், கோடையில் காயும். ஒவ்வொரு முறை நனையும்போதும் டிஎன்ஏ இழை இன்னும் சில இடங்களில் அறுபடும். அந்த ஈரத்தில் வளரும் பாக்டீரியாவும் பூஞ்சையும் எலும்பைத் துளைத்துத் தங்கள் டிஎன்ஏவை அங்கே நிரப்பிவிடும். சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த விரலெலும்பில் இருந்த டிஎன்ஏவில் ஏறத்தாழ 70 விழுக்காடு அந்த மனிதருடையது. வெப்ப நாடுகளின் எலும்பில் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போவது சாதாரணம். மற்றதெல்லாம் மண் கிருமிகள்.

ஹரியானாவில் உள்ள சிந்துவெளி ஊரான ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். பயன்படும் டிஎன்ஏ கிடைத்தது ஒரே ஒரு பெண்ணிடமிருந்து. அந்த ஒரு மாதிரியிலிருந்தும் நூற்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியாக டிஎன்ஏ தொகுப்புகளைத் தயாரித்துச் சேர்த்த பிறகே 2019இல் முடிவை வெளியிட முடிந்தது. கொந்தகை எலும்புகளைப் பற்றி உடனே பதில் வரவில்லையே என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும்.

கேள்வி (தொல்லியல் மாணவி, தஞ்சாவூர்): அகழாய்வுக் குழியில் எலும்பு தென்பட்டதும் நாங்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். குழியில் செய்யும் தவற்றை எந்த ஆய்வுக்கூடத்தாலும் திருத்த முடியாது.

முதலில், கழுவாதீர்கள். தண்ணீர் மீதமுள்ள டிஎன்ஏவைக் கரைக்கும். கழுவும் வாளியில் முன்பு கழுவிய எலும்புகளின் டிஎன்ஏவும், கழுவுகிறவரின் டிஎன்ஏவும் மிதக்கும். பிரான்சில் ஒரே இடத்தில் கிடைத்த, அழிந்துபோன காட்டு மாடு ஒன்றின் எலும்புகளை வைத்து நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 1947இல் எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தவற்றில் டிஎன்ஏ கிடைக்கவில்லை; 2004இல் அதே இடத்தில் எடுத்துக் கழுவாமல் குளிரில் வைத்தவற்றில் கிடைத்தது. மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடித்தது, வெளியே வந்த 57 ஆண்டுகளில் போய்விட்டது.

கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். மண்டையோடு தெரிந்ததும், அதை முழுமையாக வெளிப்படுத்திப் படம் எடுக்கும் ஆசையை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, மாதிரிக்குரிய பகுதியை முதலில் எடுத்துவிடுவது நல்லது. எடுக்க வேண்டியது பெட்ரஸ் எலும்பு. காதுக்குள், உட்செவியைச் சுற்றியிருக்கும் அது உடலிலேயே மிக அடர்த்தியான எலும்பு. விலா எலும்பில் ஒன்றுமே இல்லாத எலும்புக்கூட்டில்கூட அதில் கிடைப்பதுண்டு. அடுத்தது, வெடிப்பில்லாத கடைவாய்ப் பல். பசை, கெட்டிப்படுத்தும் திரவம் எதையும் அதன்மேல் பூசாதீர்கள். வெயிலில் உலர்த்தாதீர்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். நிழலில் ஆறவிட்டு, காகித உறையிலோ அலுமினியத் தாளிலோ சுற்றி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பக்கத்து மண்ணில் ஒரு கைப்பிடி தனியாக எடுத்து வையுங்கள். எலும்பைத் தொட்ட எல்லோருடைய பெயர்ப் பட்டியலும் வேண்டும். அவர்கள் சம்மதித்தால் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்த மாதிரியும் சேர்த்துக் கொடுங்கள். பின்னால் ஒப்பிட உதவும்.

எரிந்து வெளுத்துப்போன எலும்பை டிஎன்ஏவுக்காக அனுப்பிப் பயனில்லை.

கேள்வி (உயிரித்தொழில்நுட்ப மாணவர், கோவை): எலும்புத் தூளிலிருந்து டிஎன்ஏ எடுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? சாதாரணக் கிட் போதாதா?

பதில்: டிஎன்ஏ பிரிக்கக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கிட்டுகள் நீளமான டிஎன்ஏவுக்காகச் செய்யப்பட்டவை. தொல் டிஎன்ஏவின் துண்டுகள் பெரும்பாலும் 30 முதல் 70 எழுத்து (டிஎன்ஏ இழையின் அடிப்படை அலகு) நீளம்தான். அந்தக் கிட்டில் போட்டால் வேண்டியது கழுவுநீரோடு போய், வேண்டாத புதிய டிஎன்ஏ தங்கிவிடும்.

வேலை தனி அறையில் நடக்க வேண்டும். அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும், அதனால் தூசி உள்ளே வராது. முழு உடையும் இரட்டைக் கையுறையும் அவசியம். மேசைகளை பிளீச்சால் துடைத்து இரவில் புற ஊதா விளக்கு போட வேண்டும். டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் நடக்கும் அறை வேறு கட்டடத்தில் இருப்பதே மேல். அங்கே காலையில் வேலை செய்தவர் அன்று இந்த அறைக்குள் வரக் கூடாது. பிசிஆர் செய்த ஒரு குழாயில் ஒரே துண்டின் கோடிக்கணக்கான நகல்கள் இருக்கும். ஒரு துளி தெறித்தால் மாதக்கணக்கில் வேலை கெடும்.

எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டி நீக்கிவிட்டு, உள்ளே குறைந்த வேகத்தில் துளையிடுங்கள். வேகம் கூடினால் சூடு ஏறி, மிஞ்சிய டிஎன்ஏவும் சிதையும். 50 மில்லிகிராம் தூள் போதும். அதில் 1 மில்லிலிட்டர் இடிடிஏ கரைசலும் (0.45 மோலார், பிஎச் 8) புரோட்டினேஸ் கே நொதியும் சேர்த்து, 37 டிகிரியில் இரவு முழுக்கச் சுழலவிட வேண்டும். இடிடிஏ சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும், நொதி புரதத்தைச் செரிக்கும். கிருமி டிஎன்ஏ அதிகமுள்ள மாதிரியில், தூளை முதலில் அரை மணி நேரம் மட்டும் ஊறவைத்து அந்தத் திரவத்தை அகற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். மேலோட்டமாக ஒட்டிய கிருமி டிஎன்ஏ அதோடு பெருமளவு போய்விடும்.

மறுநாள் மையவிலக்கியில் சுழற்றித் தெளிந்த திரவத்தை எடுத்து, ஏறத்தாழ 13 மில்லிலிட்டர் பிணைப்புக் கரைசலில் கலக்கிறோம். அதில் 5 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடும் 40 விழுக்காடு ஐசோபுரோப்பனாலும் இருக்கும். இவ்வளவு பெரிய விகிதம் எதற்கு என்றால், அப்போதுதான் 35 எழுத்து அளவிலான குட்டித் துண்டுகளும் டிஎன்ஏவைப் பிடித்துவைக்கும் சிலிக்காவில் ஒட்டும். சிலிக்காவை இருமுறை கழுவி, அதில் ஒட்டிய டிஎன்ஏவை 50 முதல் 100 மைக்ரோலிட்டர் திரவத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

இறங்கிய கரைசல் தேநீர் நிறத்தில் இருந்தால் மண்ணின் ஹியூமிக் அமிலம் கூடவே வந்துவிட்டது. அது அடுத்த கட்ட நொதிகளை முடக்கும். ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிவிடாமல், பத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்து மறுபடி முயலுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் எலும்புத் தூளே இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றை எல்லாப் படிகளிலும் கொண்டுபோக வேண்டும். அதில் மனித டிஎன்ஏ தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதும் சந்தேகத்துக்குரியது.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): கிடைத்தது பழைய டிஎன்ஏதான், தோண்டியவருடையது அல்ல என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

பதில்: சிதைவே சான்று. இழையின் முனைகளில் சைட்டோசின் (சி) என்ற எழுத்து காலப்போக்கில் யுராசிலாக மாறும். வரிசையைப் படிக்கும் கருவி அதைத் தைமின் (டி) என்ற எழுத்தாக வாசிக்கும். ஆகவே உண்மையான தொல் டிஎன்ஏ துண்டுகளின் தொடக்கத்தில் சி இருக்க வேண்டிய இடங்களில் டி மிகுதியாக வரும், நடுப்பகுதிக்குப் போகப் போகக் குறையும். நேற்று எச்சிலில் தெறித்த டிஎன்ஏவில் இந்த வடிவம் இராது. இந்த மாற்றங்கள் மரபணு ஒப்பீட்டைக் குழப்பும் என்பதால் யுராசிலை வெட்டும் நொதியைப் பயன்படுத்துவார்கள். ஆனால் முனையில் கொஞ்சம் மிஞ்சும்படி அரைகுறையாக. முழுக்கத் துடைத்தால் அடையாளமும் போய்விடும் அல்லவா?

துண்டின் நீளமும் காட்டிக்கொடுக்கும். 1985இல் ஸ்வீடன் மரபியலாளர் ஸ்வாந்தே பேபோ எகிப்திய மம்மியிலிருந்து 3,400 எழுத்து நீளத் துண்டை எடுத்ததாக வெளியிட்டார். அவ்வளவு நீளம் அந்த வெப்பத்தில் தப்பியிருக்க வழியில்லை, அது பிற்கால மனித டிஎன்ஏவாகவே இருக்கும் என்று இன்று கருதுகிறார்கள். அந்தப் பாடத்திலிருந்து கடுமையான விதிகளை உருவாக்கியவர்களில் அவரே முதன்மையானவர். 2022இல் நோபல் பரிசும் பெற்றார். ஆணின் எலும்பாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான். அதில் ஒரே இடத்தில் இரண்டு விதமான எழுத்துகள் கணிசமாகத் தெரிந்தால் யாரோ கலந்திருக்கிறார்கள்.

கேள்வி (பள்ளி மாணவர், மதுரை): டைனோசர் டிஎன்ஏ கிடைக்குமா?

பதில்: கிடைக்காது, தம்பி. 1994இல் கிடைத்ததாக ஓர் அறிவிப்பு வந்தது. பிறகு அது மனித டிஎன்ஏ என்று தெரிந்தது. நியூசிலாந்தின் மோவா பறவைகளின் 158 கால் எலும்புகளை வைத்துப் போட்ட கணக்குப்படி, நல்ல குளிரில்கூட 68 லட்சம் ஆண்டுகளில் டிஎன்ஏவின் எல்லாப் பிணைப்புகளும் அறுந்துவிடும். டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

கேள்வி (வாசகி, சென்னை): டிஎன்ஏவை வைத்தே எலும்பின் வயதைச் சொல்ல முடியாதா?

பதில்: துல்லியமாக முடியாது. அதற்கு அதே எலும்பின் புரதமான கொலாஜனில் கார்பன் 14 அளக்க வேண்டும். உத்தராகண்டின் ரூப்குண்ட் ஏரிக்கரை எலும்புகள் எல்லாம் ஒரே விபத்தில் இறந்தவர்களுடையவை என்று நெடுங்காலம் நம்பினார்கள். 38 பேரின் டிஎன்ஏவைப் பார்த்தபோது 23 பேர் இன்றைய தெற்காசியர்களைப் போன்றவர்கள், 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியினரைப் போன்றவர்கள், ஒருவர் தென்கிழக்காசிய வழியினர். கார்பன் அளவீடு முதல் குழுவை ஏறத்தாழ பொ.ஆ. 800ஐ ஒட்டியும், மற்றவர்களை 1800ஐ ஒட்டியும் வைத்தது. இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும்.

கேள்வி (வாசகர், சேலம்): ராக்கிகடிப் பெண் தமிழ் பேசினாரா?

பதில்: மொழி மரபணுவில் எழுதப்படுவதில்லை. ஒருவருடைய மூதாதையர் எந்தக் கலவை என்பதைத்தான் டிஎன்ஏ சொல்லும். அந்தப் பெண்ணிடம் பழைய ஈரானியர்களோடு உறவுடைய வழியும், தெற்காசியாவின் தொல் வேட்டைக்குடி வழியும் இருந்தன. யூரேசியப் புல்வெளி மேய்ப்பர்களின் வழி இல்லை. இன்றைய தென்னிந்தியர்களிடமும் சிந்துவெளி மக்களைப் போன்ற அந்தக் கலவை பெரும்பங்கு வகிக்கிறது. இதிலிருந்து சிந்துவெளியில் திராவிட மொழி வழங்கியிருக்கலாம் என்ற கருத்துக்கு இடம் கிடைக்கிறது, நிரூபணம் கிடைக்கவில்லை. மேலும் இது ஒரே ஒருவரின் டிஎன்ஏ. ஈரானின் ஷஹ்ர்-இ-சோக்தாவிலும் துர்க்மெனிஸ்தானின் கோனூரிலும் புதைக்கப்பட்டிருந்த 11 பேரின் மரபணு இவரோடு ஒத்துப்போவதால்தான் இந்த அளவுக்காவது பேச முடிகிறது.

கேள்வி (மருத்துவ மாணவி, திருநெல்வேலி): மனித வரலாறு தவிர வேறு பயன் உண்டா?

பதில்: நோய்களின் வரலாறு. கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரிக்கு அருகே 1338, 1339ஆம் ஆண்டுக் கல்லறைக் கற்களில், கொள்ளைநோயால் இறந்தார் என்று சிரியாக் மொழியில் பொறித்திருக்கிறது. அங்கே புதைக்கப்பட்ட ஏழு பேரின் டிஎன்ஏவைச் சோதித்ததில், மூவரிடம் பிளேக் கிருமியான யெர்சினியா பெஸ்டிஸ் இருந்தது. ஐரோப்பாவில் கறுப்புச் சாவு என்ற பிளேக் கொள்ளைநோய் பரவுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முந்தைய கிருமி அது, 2022இல் வெளிவந்தது. இவ்வகை ஆய்வுக்குப் பல்லே சிறந்தது. பல்லின் உட்குழியில் இரத்தம் ஓடியதால், இரத்தத்தில் பரவும் கிருமி அங்கே காய்ந்து தங்குகிறது. இரத்தத்தில் பெருகாத நோய்க்கிருமியை இப்படித் தேடிக் கிடைக்கவில்லை என்றால், அந்த நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

கேள்வி (அருங்காட்சியகப் பணியாளர், புதுக்கோட்டை): மாதிரி கேட்டு வருபவர்களுக்கு எவ்வளவு எலும்பு தரலாம்?

பதில்: தூளாக்கிய எலும்பு திரும்ப வராது என்பதால் கண்டிப்பாகவே இருங்கள். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அளந்து, முடிந்தால் சிடி ஸ்கேன் செய்து வையுங்கள். முழு மண்டையோடாக இருந்தால் அதை உடைக்க விடாதீர்கள். அடிப்பக்கத்திலிருந்து சிறு துளையிட்டே பெட்ரஸ் தூளை எடுக்க முடியும். பெட்ரஸ் எலும்பு இடம், வலம் என இரண்டு உண்டு. ஒன்றை மட்டும் கொடுங்கள்; மற்றொன்றைத் தொடாமல் குளிரில் வைத்து, பதிவேட்டில் அதற்குத் தனி எண் போடுங்கள். மிஞ்சிய தூளையும் எடுத்த டிஎன்ஏவையும் திருப்பித் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.