வாசகர் கேள்வி: என் வாய்க்குள் வடையா?

கேள்வி: பல் சுத்தம் செய்யப் போன இடத்தில், என் மேலண்ணத்தின் நடுவே இருக்கும் கெட்டியான மேட்டைப் பார்த்துவிட்டு, "இது டோரஸ், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். இன்ஜினியரிங் படிக்கும் என் மகனோ டோரஸ் என்றால் உளுந்து வடை வடிவம் என்கிறான். என் வாயில் ஓட்டை எதுவும் இல்லையே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ஓட்டை இல்லையம்மா, மேடுதான். எனக்கும் உண்டு. நாற்பது வயதில் நாக்கு தடவிக் கண்டுபிடித்து, புற்றோ என்று இரண்டு இரவு தூங்கவில்லை. அது வெறும் எலும்பு வளர்ச்சி. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மேலே மூடியிருக்கும் சவ்வு மெல்லியது என்பதால் முறுக்கு குத்தினால் புண்ணாகும். பல்செட் கட்டும்போது இடைஞ்சலாக இருந்தால்தான் செதுக்குவார்கள். கீழ்த்தாடையின் உள்பக்கம் வருவதற்கும் டோரஸ் என்றுதான் பெயர்.

உங்கள் மகன் சொல்வதும் சரியே. லத்தீனில் டோரஸ் என்றால் புடைப்பு, மெத்தை. ரோமானியத் தூண்களின் அடியில், மேல் பாரத்தில் பிதுங்கிய தலையணை போல ஒரு வளையம் ஓடுமே, அதற்குக் கட்டடக்காரர்கள் வைத்த பெயர் அது. நம் கோயில் அதிஷ்டானத்தில், அதாவது அடிப்பீடத்தில், உருண்டு திரண்டு ஓடும் விருத்த குமுதத்தையும் (போட்டிப் பத்திரிகையை நினைக்காதீர்கள்) ஆங்கில நூல்கள் டோரஸ் என்றே எழுதும். இப்போது அந்த வட்டத் தூணை மட்டும் உருவி எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது என்ன? வடை! கணக்குக்காரர்கள் பிடித்துக்கொண்டது அந்த முழு வளையத்தை. டாக்டர்கள் பிடித்துக்கொண்டது புடைப்பை மட்டும்.

நான் முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவள். எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இதழ், மகரந்தத்தாள், சூலகம் எல்லாம் உட்கார்ந்திருக்கும் பூத்தளம்தான் எங்கள் டோரஸ். பெரும்பாலான பூக்களில் அது கண்ணுக்கே படாது. அதனால் குளத்துத் தாமரையைக் கொண்டுவந்து வகுப்பில் நெடுக அறுப்பேன். ஷவர் மூடி மாதிரி குழிகளோடு நடுவில் நிற்கும் பொகுட்டு இருக்கிறதே, அது முழுக்கப் பூத்தளம். பாடப்புத்தகத்தில் இருந்த எந்தச் சொல்லையும்விடப் 'பொகுட்டு' அழகு என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று கேட்டார்கள். ஸ்ட்ராபெரியில் நாம் தின்னும் சதையும் பூத்தளமே. மேலே ஒட்டியிருக்கும் மணிகள்தான் உண்மையான கனிகள்.

மகனிடம் ஒன்று கேளுங்கள். தாளில் வரைந்த நாட்டுப் படத்தில், அடுத்தடுத்த நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் தீட்ட 4 நிறம் போதும். வடையின் மேல் வரைந்தால் எத்தனை? விடை 7. ஹீவுட் என்ற ஆங்கிலேயர் 1890இலேயே எழுதிவிட்டார். 4 போதும் என்பதை நிரூபிக்கத்தான் 1976 வரை ஆனது.

கேள்வி: அணுக்கரு இணைவு உலைகளை ஏன் வளையமாகக் கட்டுகிறார்கள்?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: என் பாடம் இல்லை, காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த அக்கா மகனிடம் கேட்டு எழுதுகிறேன். கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும் பிளாஸ்மாவை (மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்துபோன வாயு) எந்தப் பாத்திரமும் தாங்காது. காந்தப்புலத்தால்தான் பிடித்துவைக்க வேண்டும். துகள்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுருண்டுகொண்டே ஓடும். நேர்க்குழாய் என்றால் இரண்டு முனையிலும் ஒழுகிவிடும். வளைத்து முனைகளை ஒட்டிவிட்டால் முனையே கிடையாதே! இப்படிப்பட்ட வளையக் கருவிக்கு வைத்த 'டோகமாக்' என்ற ரஷ்யப் பெயரில் உள்ள 'டோ' இந்த டோரஸ்தான். காந்திநகரில் 1989 முதல் ஓடிய டோகமாக்கின் பெயர் ஆதித்யா.

கேள்வி: மணல் அள்ளும் டாரஸ் லாரி?
- வாசகர், கரூர்

பதில்: அது வேறு லத்தீன். டாரஸ் என்றால் காளை, ரிஷப ராசி. அசோக் லேலண்ட் தன் லாரி ஒன்றுக்கு வைத்த பெயர், இப்போது பத்துச் சக்கர லாரி எது போனாலும் டாரஸ்தான். வடைக்கும் அதற்கும் உள்ள ஒரே உறவு, அதன் டயர்.