வீட்டுத் தோட்டத்தில் ஐரிஸ் வளர்ப்பது எப்படி? எந்தச் செடிகளோடு சேர்த்து நடலாம்?

புது வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், பக்கத்து வீட்டு அம்மா ஒரு பை நிறைய ஐரிஸ் கிழங்கு கொடுத்திருக்கிறார், அதை எங்கே நடுவது, எந்தப் பூச்செடியோடு சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். நீங்களும் நியூஜெர்சி என்பதால் என் அனுபவம் பெரும்பாலும் பொருந்தும். இங்கே நடுப்பகுதியில், சிவந்த களிமண்ணில், 11 வருடமாக ஐரிஸ் வளர்க்கிறேன்.

முதலில் பையைத் திறந்து பாருங்கள். இஞ்சி மாதிரி கிளைத்த தடித்த கிழங்கு, அதன் ஒரு முனையில் விசிறிபோல விரிந்த இலை. அப்படி இருந்தால் அது தாடி ஐரிஸ். பூவில் கீழே தொங்கும் மூன்று இதழ்களின் மேலும் கம்பளிப்பூச்சி படுத்திருப்பதுபோல ஒரு முடிக்கற்றை இருக்கும், பெயர் அதனால் வந்தது.

இந்தக் கிழங்கைப் பார்த்ததும் நம் ஊர்க் கை, மஞ்சள் நடுவதுபோலத்தான் நடும். நானும் அப்படித்தான் நட்டேன். மூன்று அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே மரப்பட்டைத் தூளை மூடாக்காகப் போட்டு, நாள் தவறாமல் தண்ணீர் விட்டேன். இரண்டு வசந்தமும் இலை மட்டும்தான் வந்தது. மூன்றாம் ஆண்டு தோண்டிப் பார்த்தால் பாதிக் கிழங்கு கூழாகிக் கிடந்தது, அந்த நாற்றத்தை இப்போது நினைத்தாலும் மூக்கு சுருங்குகிறது. தாடி ஐரிஸின் கிழங்கு மண்ணுக்குள் ஒளிய விரும்பாது. குளத்தில் முதுகு தெரியக் கிடக்கும் எருமையை நினைத்துக்கொள்ளுங்கள். வேர் மண்ணுக்குள், முதுகு வெயிலில். அந்த முதுகு காய்ந்தால்தான் அடுத்த வருடத்துக்குப் பூ.

நடும் காலம் ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. குழி தோண்டி, நடுவில் மண்ணைச் சின்ன வரப்புபோலக் குவித்து, கிழங்கை அதன் மேல் உட்காரவைத்து, வேர்களை இரண்டு பக்கமும் இறக்கிவிட்டு மண்ணை அழுத்துங்கள். இலையை ஆறு அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். கிழங்கு இலை இருக்கும் பக்கமாகத்தான் வளர்ந்து நகரும், அதனால் மூன்று கிழங்கை ஒரு கொத்தாக வைத்தால் இலை முனைகள் வெளிப்பக்கம் பார்க்கட்டும். இடைவெளி ஒன்று முதல் ஒன்றரை அடி. குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். களிமண்ணாக இருந்தால் பாத்தியை அரை அடி உயர்த்துங்கள், குளிர்காலத்தில் தேங்கும் நீர்தான் பெரிய எதிரி. நட்டதும் நன்றாகத் தண்ணீர் விட்டு, வேர் பிடிக்கும் வரை அவ்வப்போது கவனித்தால் போதும். அப்புறம் மழையே பார்த்துக்கொள்ளும். புல்தரைக்குப் போடும் தழைச்சத்து உரம் இதன் பக்கம் வரவே கூடாது, இலை கொழுத்துக் கிழங்கு அழுகும்.

சரி, யாரோடு சேர்ப்பது? இதில் பலர் நிறப்பொருத்தம் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறம் இரண்டாவது விஷயம். பக்கத்தில் நிற்கும் செடி கிழங்கின் மேல் நிழல் போடுமா என்பதுதான் முதல் கேள்வி. கேட்மின்ட் என்ற நீலப்பூச் செடியை ஐரிஸோடு நடச் சொல்லி எங்கும் எழுதியிருப்பார்கள். படத்தில் அழகுதான். என் தோட்டத்தில் ஜூன் மழைக்குப் பிறகு அது சாய்ந்து கிழங்குகள் மேல் படுத்துவிட்டது, அந்த வருடம் ஐந்து கொத்து போயிற்று. டே லில்லியும் அப்படியே. இலை நீளமாக வளைந்து பரவி, மூன்றே வருடத்தில் ஐரிஸை நெருக்கிவிடும்.

எனக்கு நன்றாக அமைந்தது அல்லியம். நம் வெங்காயத்தின் உறவு. மே மாதத்தில் நீண்ட தண்டின் உச்சியில் ஊதாப் பந்துபோலப் பூக்கும், பூக்கும் நேரத்தில் அதன் இலை மஞ்சளாகி அசிங்கமாக இருக்கும், அதை ஐரிஸ் இலை மறைத்துவிடும். கோடையில் அல்லியம் முழுக்க மண்ணுக்குள் போய்விடுவதால் கிழங்குக்கு வெயில் கிடைக்கும். ஒன்றுக்கொன்று இடம் விடுகிற இப்படிப்பட்ட ஜோடி தோட்டத்தில் அபூர்வம். அடுத்து காரடோனா என்ற சால்வியா, விறைப்பாக நேரே நிற்கும், சாயாது. முன்வரிசையில் குட்டையான டயாந்தஸ். பின்வரிசையில், மூன்றடி தள்ளி, பியோனி. இங்கே ஐரிஸும் பியோனியும் கிட்டத்தட்ட ஒரே வாரங்களில் பூக்கும், மே கடைசியில் அந்தப் பத்து நாட்களுக்காகவே நான் ஊருக்கான டிக்கெட்டை ஜூனில்தான் போடுவேன்.

நிறத்துக்கு வருவோம். தாடி ஐரிஸில் கருப்பை நெருங்கும் ஊதா முதல் பழுப்பு, ஆரஞ்சு வரை எல்லாம் உண்டு, உண்மையான சிவப்பு மட்டும் கிடையாது. எத்தனையோ பேர் முயன்றும் ரத்தச் சிவப்பு இன்னும் வரவில்லை. அந்தச் சிவப்பை ஓரியண்டல் பாப்பியிடம் கடன் வாங்கலாம், அதுவும் அதே நேரத்தில் பூக்கும், பிறகு இலையோடு மறைந்துவிடும். அடர் ஊதாவை மட்டும் கூட்டமாக நட்டால் தூரத்திலிருந்து இருட்டுத் திட்டாகத் தெரியும். நான் டஸ்கி சேலஞ்சர் என்ற அடர் ஊதாவின் பக்கத்தில் இம்மார்ட்டாலிட்டி என்ற வெள்ளையை வைத்திருக்கிறேன். வெள்ளை பக்கத்தில் இருந்தால்தான் ஊதாவின் பட்டுப் பளபளப்பு கண்ணுக்கு வருகிறது. இம்மார்ட்டாலிட்டி சில வருடங்களில் செப்டம்பர், அக்டோபரில் மறுபடியும் பூக்கும். நாலைந்து நிறங்களை ஒவ்வொன்றாகத் தூவி நடாமல், ஒரு நிறத்தில் மூன்று கொத்து என்று நடுங்கள்.

ஐரிஸோடு ஐரிஸைச் சேர்ப்பது இதைவிடச் சிக்கல். பெயர் ஒன்று என்பதால் எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் நட்டுவிடுகிறோம், ஆனால் அவற்றின் தேவைகள் நேர் எதிர். சைபீரியன் ஐரிஸுக்கு ஈரம் பிடிக்கும், தாடி ஐரிஸைக் கொல்லும் அதே ஈரம். என் வீட்டில் கூரைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் மூலை ஒன்று இருக்கிறது, எதை வைத்தாலும் அழுகும். சீசர்ஸ் பிரதர் என்ற கருநீல சைபீரியனை அங்கே வைத்தேன், இன்று அது ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்குப் புதராகிவிட்டது. ஜப்பானிய ஐரிஸுக்கு ஈரத்தோடு அமில மண்ணும் வேண்டும், சுண்ணாம்பு ஆகவே ஆகாது. புல்தரைக்குச் சுண்ணாம்பு தூவுபவர் என்றால் அதைத் தள்ளி வையுங்கள். அதே அமில மண்ணை விரும்பும் அசேலியா, புளூபெர்ரி இருக்கும் பக்கம் அதற்குச் சரியான இடம்.

இப்படி இடம் பிரித்து நட்டால் மார்ச்சிலிருந்து ஜூலை வரை ஒன்றன்பின் ஒன்றாக ஐரிஸ் பூத்துக்கொண்டிருக்கும். மார்ச்சில், சில வருடம் பனிக்கு நடுவிலேயே, நாலு அங்குல உயர ரெட்டிக்குலாட்டா என்ற ஐரிஸ். இது கிழங்கல்ல, சின்ன வெங்காயம் மாதிரியான குமிழ், இதை மட்டும் இலையுதிர் காலத்தில் மூன்று நாலு அங்குலம் புதைக்க வேண்டும். ஏப்ரலில் குள்ளத் தாடி வகைகள், மே கடைசியில் உயரமானவை, ஜூன் தொடக்கத்தில் சைபீரியன், ஜூன் கடைசியில் ஜப்பானியம். ஜூலையில் ஐரிஸ் டொமெஸ்டிகா, புள்ளி போட்ட ஆரஞ்சுப் பூ. முன்பு பெலம்காண்டா என்ற தனிப் பேரினமாக இருந்த இதை, மரபணு ஆய்வை வைத்து 2005இல் ஐரிஸோடு சேர்த்தார்கள். சென்னையில் இருக்கும் அம்மாவுக்கும் ஐரிஸ் வேண்டும் என்றால் தேட வேண்டியது இதைத்தான், வெப்பத்தைத் தாங்கும். தாடி ஐரிஸுக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும், சமவெளியில் அது பூப்பது கடினம்.

குளம் குட்டை ஓரமாக மஞ்சள் கொடி ஐரிஸை மட்டும் நடாதீர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தது, நம் பக்கத்து ஓடைகளையெல்லாம் ஆக்கிரமிக்கிறது. ஈர இடத்துக்கு இந்த மண்ணின் சொந்தச் செடியான வெர்சிகலர் என்ற ஐரிஸ், நீலப் பூ, அருமையாக இருக்கும்.

மான் பெரும்பாலும் ஐரிஸைத் தொடாது, நம் மாநிலத்தில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஒரு வருடம் துலிப் நட்டுப் பார்த்தால் புரியும். ஆனால் ஐரிஸ் துளைப்பான் புழு உண்டு. அந்துப்பூச்சி செப்டம்பர் வாக்கில் காய்ந்த இலைகளில் முட்டையிடும், வசந்தத்தில் புழு பொரிந்து இலைக்குள் நுழைந்து, கீழே இறங்கிக் கிழங்கைக் குடையும், அந்த ஓட்டை வழியாக அழுகல் நோய் வரும். மருந்தைவிட எனக்குப் பலன் தந்தது, நன்றாக உறைபனி விழுந்த பிறகு பழைய இலைகளை ஒன்று விடாமல் அள்ளிக் குப்பையில் போடுவதுதான். எருக்குழியில் போடக் கூடாது. மே மாதம் இலையில் நீர்க்கோடுபோலத் தெரிந்தால் அந்த இடத்தை விரலால் அழுத்தி நசுக்கிவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒருமுறை அப்பர் மான்ட்கிளேரில் இருக்கும் பிரெஸ்பி ஐரிஸ் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். அமெரிக்க ஐரிஸ் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிராங்க் பிரெஸ்பியின் நினைவாக 1927இல் அமைத்தது. மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை மலைச்சரிவின் அடியில் ஆயிரக்கணக்கில் பூத்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை உண்டு. என் பாத்தியின் பாதி அங்கே நோட்டில் எழுதிவந்த பெயர்கள்தான்.

உங்கள் பையில் இருப்பது உடனே நட முடியாவிட்டாலும் பயமில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, காற்றோட்டமான நிழலில் செய்தித்தாள் மேல் பரப்பிவைத்தால் இரண்டு வாரம் தாங்கும். அதற்குள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் எது என்ன நிறம், என்ன பெயர் என்று கேட்டு, மார்க்கர் பேனாவால் இலையின் மேலேயே எழுதிவிடுங்கள். காகிதச் சீட்டு கழன்றுபோகும், இலையில் எழுதியது நடும் வரை இருக்கும்.