100 மீட்டருக்கு மட்டும் சுட குரோனோகிராப் தேவையா?

குரோனோகிராப் என்பது குண்டின் வேகத்தை அளக்கும் கருவி. தோட்டாவை நீங்களே நிரப்பி, 100 மீட்டர்தான் சுடுகிறீர்கள் என்றால், துல்லியத்துக்காக வாங்க வேண்டாம். .308 ரக ரைஃபிளில் வேகம் நொடிக்கு 15 மீட்டர் கூடிக்குறைந்தாலும் அந்தத் தூரத்தில் குண்டு படும் இடம் 3 மில்லிமீட்டர்தான் மாறும். காகிதத்தில் தெரியவே தெரியாது. 600 மீட்டரில் அதுவே சுமார் 15 சென்டிமீட்டர்.

ஆனால் பாதுகாப்புக்காக என்றால் வாங்கலாம். தோட்டா நிரப்பும் கையேட்டில் உள்ள வேகத்தை, அதே குழல் நீளத்தில், குறைந்த வெடிமருந்திலேயே தாண்டினால் துப்பாக்கிக்குள் அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்துங்கள்.

இரவல் கருவியில் ஒரே மாதிரி நிரப்பிய தோட்டாக்களுக்கு வேகம் நொடிக்கு 50 மீட்டர் வித்தியாசம் காட்டியதாகச் சொல்கிறீர்கள். தோட்டாவைச் சந்தேகிக்கும் முன் கருவியைப் பாருங்கள். ஒளி உணரி வகை குழல்வாயை ஒட்டி இருந்தால், வெடிப்பு அலையையே குண்டு என்று எண்ணிவிடும்.

1. 4 மீட்டர் தள்ளி வைத்து, குண்டுப்பாதைக்கு நேராக நிறுத்துங்கள்.
2. தொழிற்சாலைத் தோட்டா 10 சுடுங்கள். அதுவும் தாறுமாறாக வந்தால் கோளாறு கருவியிலோ வெளிச்சத்திலோதான்.
3. அது சீராக வந்தால், மருந்தை ஒவ்வொன்றாக எடைபோட்டு மீண்டும் 10. மூன்று சுட்டு முடிவெடுப்பது வீண்வேலை.

ஒன்று, குரோனோகிராப் அழுத்தமானி அல்ல. வேகம் சரியாக இருந்தும் பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டி) தட்டையானாலோ போல்ட் (தோட்டாவை உள்ளே பூட்டும் பகுதி) இறுகினாலோ அந்த நிரப்பலைத் தொடராதீர்கள்.