தண்ணீர் மேசையில் நின்றால் பந்தயத்தில் இடம் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

ஓட்டப் போட்டிகளில் ஓடுவோருக்குத் தண்ணீர் கொடுக்கும் மேசை போன்ற இடங்களில் தன்னார்வலராகப் பணிசெய்து, அதற்கு ஈடாகப் பின்னொரு போட்டியில் கட்டணமின்றி ஓடும் வாய்ப்பைப் பெறுவது பற்றி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வாழும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுள் ஐவரின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: நியூயார்க் மாரத்தானில் ஓட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. குலுக்கலில் தொடர்ந்து பெயர் கொடுத்தும் இடம் கிடைக்கவில்லை. ஒரு நாள் தன்னார்வலராகப் போய் நின்றால் மாரத்தானில் இலவசமாக ஓடலாம் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். இது உண்மைதானா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு பகுதி மட்டுமே உண்மை. அந்த மாரத்தானை நடத்தும் நியூயார்க் ரோட் ரன்னர்ஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, தன் உறுப்பினர்களுக்கு '9+1' என்றொரு திட்டத்தை வைத்திருக்கிறது. ஓர் ஆண்டுக்குள் அந்த அமைப்பு நடத்தும் போட்டிகளில் இத்திட்டத்துக்கு உரியவை என்று குறித்தவற்றுள் ஒன்பதை ஓடி முடித்து, ஒரு நிகழ்வில் தன்னார்வலராகவும் பணிசெய்தால், அடுத்த ஆண்டு மாரத்தானில் குலுக்கல் இல்லாமலே இடம் உறுதி. ஆனால் உறுதியாவது இடம் மட்டுமே. மாரத்தானுக்கான நுழைவுக் கட்டணத்தை நீங்கள்தான் செலுத்த வேண்டும், அது 200 டாலருக்கும் மேல். உறுப்பினர் கட்டணம், ஒன்பது போட்டிகளின் கட்டணம், எடிசனிலிருந்து மன்ஹாட்டனுக்கு விடியுமுன் போய்வரும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், இலவசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது தெரியவரும்.

அப்படியிருந்தும் இந்த வழியையே நான் உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். 2024-ஆம் ஆண்டு மாரத்தானுக்கான குலுக்கலில் 1,60,000-க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கே இடம் கிடைத்தது. 1970-இல் சென்ட்ரல் பார்க்கில் ஒரு டாலர் கட்டணத்தில் 127 பேருடன் தொடங்கிய போட்டி அது. இன்று அதில் ஓட விரும்புவோரின் கூட்டம் அந்த அளவுக்குப் பெருகிவிட்டது. அதிர்ஷ்டத்தை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட, ஓர் ஆண்டு முழுவதும் ஓடிப் பழகி, அந்தப் பழக்கத்தோடே மாரத்தானின் தொடக்கக் கோட்டுக்குப் போவது உடலுக்கும் நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எல்லாத் தன்னார்வப் பணிகளும் இந்தத் திட்டத்தில் கணக்கில் சேர்ந்துவிடாது. '9+1'-க்கு உரியது என்று அமைப்பே குறிப்பிட்டிருக்கும் பணியாக இருக்க வேண்டும், அத்தகைய பணியிடங்கள் விரைவில் நிரம்பிவிடும். ஆகவே ஒன்பது ஓட்டங்களை முடித்துவிட்டு, டிசம்பரில் பணியைத் தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஆண்டின் தொடக்கத்திலேயே அதை முடித்துவிடுங்கள். அடுத்ததாக, உங்கள் பெயரில் பதிந்த பணிக்கு நீங்களே போக வேண்டும். மைத்துனரையோ நண்பரையோ அனுப்பிவைக்க முடியாது; வந்ததும் பெயரைப் பதிந்து, பணி முடிந்ததும் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

பணிசெய்ய இயலாதவர்கள் அதற்குப் பதிலாக 1,000 டாலர் நன்கொடை அளிக்கும் வழியையும் அமைப்பு வைத்திருக்கிறது. வார இறுதியிலும் மருத்துவமனையில் பணியாற்றும் செவிலியர் போன்றவர்களுக்கு அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒரு காலைப் பொழுதை ஒதுக்க முடிந்தவர் பணம் கட்டி விலகிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். பந்தயம் எப்படி நடக்கிறது என்பதை மேசையின் அந்தப் பக்கம் நின்று ஒருமுறையாவது பார்க்காதவருக்கு, தான் ஓடும் பந்தயத்தைப் பற்றிப் பாதிதான் தெரியும்.

கேள்வி: நான் எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்குத் தரும் விசா) இருக்கிறேன், வேலை செய்யும் அனுமதி எனக்கு இன்னும் வரவில்லை. வீட்டிலேயே இருப்பது மனத்தை வாட்டுவதால் ஓட்டப் போட்டிகளில் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன். ஆனால் 'இலவச நுழைவு பெற்றால் அது சம்பளமாகிவிடும்' என்று ஒரு தோழி பயமுறுத்துகிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, ஜெர்சி சிட்டி

பதில்: உங்கள் தோழியின் அச்சத்தை வீண் பயம் என்று நான் ஒதுக்கிவிடமாட்டேன். அமெரிக்கக் குடிவரவு விதிகள், கூலியோ வேறு வகை ஈடோ பெற்றுக்கொண்டு உழைப்பவரைப் பணியாளர் என்று வரையறுக்கின்றன. 'வேறு வகை ஈடு' என்ற சொற்கள் அங்கே இருப்பதால், பணமாகக் கையில் வராவிட்டாலும் விலைமதிப்புள்ள ஒன்றைப் பெறுவது கேள்விக்கு இடம் தரும். 80 டாலர் கட்டணமுள்ள போட்டியில் கட்டணமின்றிப் பதிந்துகொள்வதற்கான இலவசக் குறியீடு அத்தகைய ஒன்றாகக் கருதப்படலாம். பணிநாளில் தரும் டி-சட்டையையும் வாழைப்பழத்தையும் அவ்வாறு கருதுவது அரிது.

ஆகவே உங்கள் நிலையில் இருப்பவர் இலாப நோக்கற்ற அமைப்புகளின் நிகழ்வுகளை மட்டும் தேர்ந்துகொள்வதும், ஈடாக எதையும் பெறாமல் பணிசெய்வதும் பாதுகாப்பான வழி. இலவசக் குறியீடு தருவதாகச் சொன்னால், வேண்டாம் என்று மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பெற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டு அவர் சொல்கிறபடி நடங்கள். ஒரு பந்தயத்துக்காக உங்கள் விசாவின் மீது ஒரு கீறல்கூட விழக் கூடாது. எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர்களும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். அவர்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறலாம்.

விசா காரணமாகத் தயங்கிப் பின்வாங்கிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். புதிய ஊரில் வேலையும் இல்லாமல் தனித்திருப்பவர்களுக்கு, அறிமுகமற்ற இருபது பேரோடு சேர்ந்து ஒரு காலைப்பொழுது முழுவதும் கைகோத்து உழைப்பது போன்ற மருந்து வேறில்லை.

கேள்வி: நூறு மைல் மலையோட்டம் ஒன்றில் பதிய முயன்றபோது, போட்டியாளர் ஒவ்வொருவரும் 8 மணி நேரம் தன்னார்வப் பணி செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறார்கள். கட்டாயப்படுத்தினால் அது எப்படித் தன்னார்வம் ஆகும்?
– வாசகர், ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 'வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்' ஓட்டமாக இருக்க வேண்டும். அதில் அந்த நிபந்தனை உண்டு. வேறு சில மலையோட்டங்களிலும் உண்டு. உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் நிபந்தனையின் காரணம் புரியும். ஒலிம்பிக் வேலியில் தொடங்கி, சியரா நெவாடா மலையைக் கடந்து, ஆபர்ன் நகரில் முடியும் பாதை அது. காப்புக்காட்டின் வழியே செல்வதால் ஓடுவோரின் எண்ணிக்கை 369 என்று வரையறுக்கப்பட்டுள்ளது. அவர்களுக்காகப் பணிசெய்யும் தன்னார்வலர்களோ ஏறத்தாழ 1,500 பேர். ஒருவர் ஓட நான்கு பேர் உழைக்கிறார்கள்.

அந்த உழைப்பின் தன்மையையும் சொல்ல வேண்டும். 78-ஆவது மைலில் ரக்கி சக்கி என்ற இடத்தில் ஓடுபவர்கள் அமெரிக்கன் ஆற்றை இறங்கிக் கடக்கிறார்கள். ஆற்றின் குறுக்கே கட்டிய வடத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வரும்போது, குளிர்ந்த நீரில் இடுப்பளவுக்கும் மேலாக நின்றபடி தன்னார்வலர்கள் வரிசையாகத் தாங்கிப் பிடித்து, அடியில் பாறை எங்கே இருக்கிறது, கால் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக் கரையேற்றுகிறார்கள். பெரும்பாலானோர் அங்கு வந்து சேர்வது இரவில். நடக்கவே தள்ளாடும் நிலையில் வரும் ஒருவரை, முன்பின் அறியாத இன்னொருவர் நள்ளிரவில் ஆற்றில் நின்று கைபிடித்து அனுப்புவதற்கு எந்த நுழைவுக் கட்டணமும் ஈடாகாது. மலைப்பாதையில் விழுந்து கிடக்கும் மரங்களை அறுத்து அகற்றுவதும், மழையில் அரித்த பாதையைச் செப்பனிடுவதும் அந்த 8 மணி நேரத்தில் அடங்கும்.

இதைத் தன்னார்வம் என்று அழைப்பதைவிட முறை என்று அழைப்பது பொருந்தும். ஊர்த் திருவிழாவில் இந்த ஆண்டு நம் தெருவின் முறை என்றால், விருப்பமா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. பந்தற்கால் நடுவதற்கு வீட்டுக்கு ஒருவர் போய் நிற்கிறோம். மற்றவர்களின் முறையில் நாம் விழா பார்த்திருக்கிறோம் என்பதே அதற்குக் காரணம். போட்டிக்குப் பதியும் நேரம் நெருங்கும்வரை காத்திருக்காமல், உங்கள் ஊருக்கு அருகில் நடக்கும் ஏதேனும் ஒரு மலையோட்டத்தில் இரவு நேரப் பணியைக் கேட்டு வாங்குங்கள். இரவுப் பணிக்குத்தான் எப்போதும் ஆள் குறைவு.

கேள்வி: எங்கள் நகரில் ஒரு நிறுவனம் நடத்திய அரை மாரத்தானில் அதிகாலை 4 மணி முதல் நண்பகல் வரை நின்றேன். இலவச நுழைவுக் குறியீடு தருவோம் என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதைப் பயன்படுத்தப் போனபோது காலாவதியாகிவிட்டது என்கிறார்கள். யாரிடம் முறையிடுவது?
– வாசகர், டல்லஸ், டெக்சாஸ்

பதில்: முறையிடுவதற்கு முன்னால், உங்களுக்கு வந்த முதல் மின்னஞ்சலைத் தேடி எடுங்கள். காலக்கெடு அதில் எழுதப்படவில்லை என்றால், அந்த மின்னஞ்சலின் நகலை இணைத்து, தன்னார்வலர் பொறுப்பாளருக்கு அல்லாமல் போட்டி இயக்குநருக்கே நேரடியாகப் பணிவோடு எழுதுங்கள். தன்னார்வலர்களைச் சேர்ப்பதற்கே திண்டாடும் நிலையில், இருக்கிற ஒருவரை இழக்க இயக்குநர் விரும்பமாட்டார். காலக்கெடு எழுதப்பட்டிருந்தால் நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை.

இனிமேல் பணியை ஏற்பதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. குறியீடு எந்தெந்தப் போட்டிகளுக்குச் செல்லும், முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யுமா அல்லது ஒரு பகுதியை மட்டுமா, இணையவழிப் பதிவுக்கான சேவைக் கட்டணத்தை யார் செலுத்துவது, இடங்கள் நிரம்பிய பிறகும் அது செல்லுபடியாகுமா, மனைவிக்கோ பிள்ளைக்கோ அதை மாற்றித் தரலாமா என்பனவற்றைக் கேளுங்கள். புயலாலோ மின்னலாலோ போட்டி கடைசி நேரத்தில் நின்றுபோனால், விடியற்காலையில் வந்து நின்ற தன்னார்வலருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

நடத்துபவர் யார் என்பதும் முக்கியம். இலாப நோக்குள்ள தனியார் நிறுவனத்துக்கு ஊதியமின்றித் தன்னார்வமாக உழைப்பதை அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் ஏற்பதில்லை. 'ராக் அண்ட் ரோல்' என்ற பெயரில் நகரந்தோறும் மாரத்தான் நடத்திவந்த காம்பெடிட்டர் குரூப் நிறுவனத்தின் மீது, செயின்ட் லூயிஸ் போட்டியில் தன்னார்வலராக இருந்த ஒருவர் 2014-இல் இந்த அடிப்படையிலேயே வழக்குத் தொடுத்தார். பல நிறுவனங்கள் உள்ளூர்ப் பள்ளி, கோவில், தொண்டு அமைப்பு ஆகியவற்றின் மூலமாகத் தன்னார்வலர்களை அழைத்து, ஆள்கணக்குக்கு ஏற்ப அந்த அமைப்புக்கு நன்கொடை அளிப்பதும் உண்டு. உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி அப்படியொரு தண்ணீர் மேசையைப் பொறுப்பேற்றால், ஒரு காலையில் பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும் பணம் சேரும். குறியீட்டைத் துரத்துவதைவிட அது எனக்கு நிறைவாகப் படுகிறது.

கேள்வி: லண்டனுக்கு வந்து ஓராண்டு ஆகிறது. இங்கே சனிக்கிழமைதோறும் பூங்காக்களில் நடக்கும் 'பார்க்ரன்' என்ற 5 கி.மீ. ஓட்டம் முற்றிலும் இலவசம் என்பதால், அங்கே தன்னார்வலராக இருப்பதில் எனக்கு என்ன கிடைக்கும்? முதன்முறையாகப் போகிறவருக்கு எந்த வேலை ஏற்றது?
– வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பார்க்கில் 13 பேர் ஓடிய ஓட்டமே பின்னர் பார்க்ரன் ஆக வளர்ந்தது. ஓடுவோர் பணம் தருவதில்லை. நடத்துவோரும் பணம் பெறுவதில்லை. சனிக்கிழமை காலை 9 மணிக்குப் போதிய தன்னார்வலர்கள் வரவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது அந்த ஓட்டமேதான்.

லண்டன் மாரத்தானில் ஓடும் எண்ணம் இருந்தால் இன்னொரு பயனும் உண்டு. பதிவுபெற்ற ஓட்டக் கழகங்களுக்கு மாரத்தான் நிர்வாகம் சில இடங்களை ஒதுக்குகிறது. அவற்றைத் தம் உறுப்பினர்களிடையே பங்கிடும்போது, கழகத்தின் போட்டிகளில் தன்னார்வலராகப் பணிசெய்தவர்களை மட்டுமே குலுக்கலில் சேர்க்கும் கழகங்கள் பல. சேரும்போதே உங்கள் கழகத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, முதல் வாரம் பார்கோடு வருடும் பணியைக் கேளுங்கள். ஓடி முடித்தவர் தன் பெயருக்குரிய பார்கோட்டையும், எத்தனையாவதாக முடித்தார் என்பதைக் காட்ட அவர் கையில் கொடுத்த வரிசை வில்லையையும் நீட்டுவார். முதலில் அவருடைய பார்கோட்டை, பிறகு வில்லையை வருட வேண்டும். ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். எல்லோரும் உங்களிடம் வந்து ஒரு சொல் பேசிவிட்டுத்தான் போவார்கள். நேரம் குறிப்பவரின் பணியைச் சில வாரம் கழித்து ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் அங்கே நேரும் பிழை அனைவரின் முடிவையும் கெடுக்கும்.

பெரிய போட்டிகளில் தண்ணீர் மேசை கிடைத்தால், கோப்பையில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் ஊற்றுங்கள். நிறைத்தால் ஓடுபவரின் சட்டையில்தான் கொட்டும். விளிம்பை இரு விரல்களால் பிடித்துக் கையை நன்றாக நீட்டி, 'தண்ணீர்' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே நில்லுங்கள். அவர் கோப்பையைப் பற்றியதும் விரல்களை எடுத்துவிடுங்கள். முன்னணியில் ஓடுபவர்கள் போன பிறகு தன்னார்வலர்கள் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் அவ்வாறு செய்யாதீர்கள். வெயில் ஏறிய பிறகு கடைசியில் நடந்து வருகிறவருக்கே தண்ணீர் அதிகம் தேவைப்படும்.