தண்ணீர் மட்டும் சிறிதாகாது: குட்டி உருவங்கள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

கொலுவுக்கு நாள் நெருங்குகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் குட்டி உருவங்கள் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

இந்த வருடக் கொலுவில் எங்கள் ஊர்ச் சந்தையை வைக்கலாம் என்று ஆள் பொம்மை, சொப்புச் சாமான், குட்டிக் கார் எல்லாம் சேர்த்தேன். தனித்தனியாக எல்லாமே அழகு. சேர்த்து வைத்தால் சந்தை மாதிரியே இல்லையே, ஏன்?
— வாசகி, காரிமங்கலம்

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விகிதத்தில் இருக்கிறது. ஆள் பொம்மை 14 செ.மீ. உயரம் என்றால், அது ஐந்தரை அடி ஆளை 12-ல் ஒரு பங்காக்கியது. உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கார் பெரும்பாலும் 64-ல் ஒரு பங்கு. பக்கத்தில் நிறுத்தினால் கார் அந்த ஆளின் முழங்காலுக்குக்கூட வராது. மனசு இதைக் கணக்குப் போடாமலே கண்டுபிடித்துவிடும்.

கொலுவுக்கு 1:12 எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு ஓர் அங்குலம், அவ்வளவுதான் கணக்கு. ஆறரை அடிக் கதவு ஆறரை அங்குலம். மூன்றடி மூட்டை மூன்று அங்குலம். சொப்புகளை விகிதம் பார்த்து யாரும் கடைவதில்லை, அதனால் ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் சேர்க்க வேண்டும். குடத்தைப் பொம்மையின் இடுப்பில் வைத்துப் பாருங்கள். நிஜத்தில் ஓரடி உயரக் குடம் இங்கே இரண்டரை செ.மீ. இருக்க வேண்டும். நாலு செ.மீ. சொப்புக் குடத்தை இடுப்பில் வைத்தால் அந்தப் பெண் அண்டாவைச் சுமப்பது போலிருக்கும். அதைத் தூக்கி எறிய வேண்டாம், கடை ஓரத்தில் தண்ணீர்த் தொட்டியாக வைத்துவிடலாம்.

சின்னப் பொம்மைகள் நிறைய இருந்தால் அவற்றைப் பின்படியில் வையுங்கள். தூரத்தில் நிற்பவர்கள் ஆகிவிடுவார்கள். இரண்டு அளவுக்கும் நடுவே ஒரு சுவரோ மரவரிசையோ வேண்டும். பெரியதும் சிறியதும் தோளோடு தோள் நின்றால் மாயம் கலைந்துவிடும். புடவைக்கு மல் துணியைவிடத் தடிமனான எதுவும் வேண்டாம். சாதாரணப் பருத்தியின் நூல் இந்த அளவில் சணல் கயிறாகத் தெரியும். மடிப்பு நிற்க, தண்ணீர் கலந்த பெவிகாலை மடிப்பின் உள்பக்கம் தடவிக் காயவிடுங்கள்.

நானும் கொலுவில் சந்தைதான் வைக்கிறேன். அதற்குப் பெவிகால்–சோளமாவு களிமண்ணில் கிளிமூக்கு மாங்காய் செய்கிறேன். காய்ந்ததும் வெடித்துவிடுகிறது. நிறமும் கண்ணாடி போல் மங்குகிறது.
— வாசகி, கிருஷ்ணகிரி

நீங்கள் எழுதியிருப்பது பெவிகால்–சோளமாவு களிமண். அளவு சரிதானா பாருங்கள்: வெள்ளைக் கார்ன்ஃப்ளவர் 1 கப், பெவிகால் 1 கப், பேபி ஆயில் 2 மேசைக்கரண்டி, வினிகர் 2 மேசைக்கரண்டி. மஞ்சள் மக்காச்சோள மாவு உதவாது. நான்ஸ்டிக் பாத்திரத்தில் சிறுதீயில் விடாமல் கிளறி, ஓரம் விட்டு உருண்டையாகத் திரண்டதும் இறக்குங்கள். முன்னதாக இறக்கினால் பிசுபிசுக்கும், தாமதித்தால் உதிரும். சூட்டோடு பிசைந்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்து மறுநாள் எடுங்கள். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

வெடிப்பதற்குக் காரணம் வெயிலும் மின்விசிறியும். மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே ஈரம் போகப் போகச் சுருங்கும், தோல் கிழியும். நிழலில், மேலே ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, நாளுக்கு இரண்டு தடவை புரட்டிக் காயவிடுங்கள். எப்படியும் கொஞ்சம் சுருங்கும் என்பதால் 11 மி.மீ. காய் வேண்டுமானால் 12 மி.மீ. உருட்டுங்கள்.

இந்தக் களிமண் காய்ந்தால் ஒளி ஊடுருவும். பிசையும்போதே கொஞ்சம் வெள்ளை அக்ரிலிக் சேர்த்தால் மங்காது. நிறம் காய்ந்தபின் ஒரு படி கறுக்கும், அதனால் வெளிறிய பச்சையில் தொடங்குங்கள். மூக்கைப் பல்குச்சியால் இழுத்துவிட்டு, காம்படியில் ஒரு மயிரிழைக் கறுப்பை மேலிருந்து கீழே வழியவிடுங்கள், மாம்பால் கறை. அந்த ஒரு கோடு இருந்தால் அது என்ன காய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

தெர்மகோல் கோயில் மேல் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன், கரைந்துவிட்டது.
— வாசகர், பாலக்கோடு

ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் தெர்மகோலைத் தின்னும். சூப்பர் குளூவும் அப்படித்தான். முதலில் பெவிகாலும் அக்ரிலிக்கும் கலந்து இரண்டு பூச்சு, பிறகு தூரிகையில் அக்ரிலிக். கண்ணாடி ஜன்னலுக்கு வைக்கும் பிளாஸ்டிக்கை சூப்பர் குளூவால் ஒட்டினால் அதன் ஆவி வெள்ளையாகப் படிந்துவிடும். அங்கேயும் பெவிகால்தான்.

ஒகேனக்கல் பரிசல் ஒன்றைத் தண்ணீரோடு செய்ய ஆசை. நிஜப் பரிசலை அளந்தேன், குறுக்களவு ஏழடி, ஆழம் இரண்டரை அடி. தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டால் பொம்மையாகத்தான் தெரிகிறது.
— வாசகர், பென்னாகரம்

அளந்துகொண்டு வந்தீர்களே, பாதி வேலை முடிந்தது. 1:24-ல் குறுக்களவு 8.9 செ.மீ., ஆழம் சுமார் 3.2 செ.மீ. நிஜத்தில் ஓரங்குலப் பிளாச்சு இங்கே ஒரு மி.மீ. தென்னை ஈர்க்கு உருண்டையாக இருக்கும், வளைத்தால் முறியும். கூடை முடைபவரிடம் மெல்லிய மூங்கில் பிளாச்சு வாங்கி, கத்தியால் ஒரு மி.மீ. அகலத்துக்குக் கீறி, வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். வாய் சுமார் 8.5 செ.மீ. இருக்கும் தட்டையான கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேலேயே அடிப்பின்னலைப் போட்டு, பக்கங்களை மடக்கி நூலால் கட்டி, ஒரு நாள் நிழலில் விடுங்கள். ஈரத்தில் உருவியெடுத்தால் நிமிர்ந்துகொள்ளும். விளிம்புக்கு இரண்டு பிளாச்சுகளை உள்ளும் புறமும் வைத்து நூலால் நெருக்கிச் சுற்றுங்கள். அடிப்பக்கத்துக்கு, டிஷ்யூ தாளை நீர்த்த பெவிகாலில் ஒட்டிக் கறுப்பு பூசினால் தார் பூசிய ஷீட் ஆகிவிடும். நீர் படும் உயரம் வரை மட்டும் பளபளப்பு வார்னிஷ்.

இனி தண்ணீர். எதை எவ்வளவு சிறிதாக்கினாலும் தண்ணீர் சிறிதாகாது. மூன்று மி.மீ. துளி ஒன்று 1:24 உலகில் ஏழு செ.மீ. உருண்டை. பரப்பு இழுவிசையால் நீர் பரிசலின் ஓரத்தில் மேலேறி வளைந்து நிற்கும். அலையும் கனமில்லாமல் துடிக்கும். இதைத்தான் உங்கள் கண் பிடித்துவிட்டது.

நிஜத் தண்ணீரை விட்டு எபாக்ஸி ரெசினுக்கு மாறுங்கள், கெட்டியாக்கி கலந்ததும் கண்ணாடி போல் இறுகும் திரவம் அது. முதலில் ஆற்றின் அடியை வண்ணம் தீட்டுங்கள், ஓரத்தில் வெளிர் மண், நடுவில் கரும்பச்சை. ஆழம் என்பது இந்த வண்ணம்தான், ரெசினின் தடிமன் அல்ல. மண், கல், மரம் எல்லாவற்றுக்கும் பெவிகால் பூசி அடைத்துவிடுங்கள். விட்டுவிட்டால் அவற்றிலிருந்து காற்றுக் குமிழ் மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். கலவை விகிதம் டப்பாவில் போட்டபடி அச்சாக இருக்க வேண்டும். கெட்டியாக்கியைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்று நினைத்துக் கூட்டாதீர்கள், ஒட்டிக்கொண்டே கிடக்கும். ஒரு தடவைக்கு மூன்று மி.மீ.க்கு மேல் ஊற்ற வேண்டாம். தடிமனாக ஊற்றினால் தானே சூடேறி வெடிக்கும், தெர்மகோல் அடித்தளத்தையும் உருக்கும். மழை நாளில் செய்தால் மேலே மெழுகு மாதிரிப் பனி படியும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

பரிசலை இரண்டாம் அடுக்கு ஊற்றுமுன் அழுத்தி வையுங்கள், சற்று அமிழ்ந்திருந்தால்தான் பாரம் தெரியும். அருவி விழுதுக்கு பிளாஸ்டிக் தாள் மேல் தெளிந்த சிலிக்கான் பசையைக் கோடுகளாகப் பிதுக்கி, பல்குச்சியால் கீழ்நோக்கி இழுத்து, காய்ந்ததும் உரித்து ஒட்டலாம். நுரைக்கு, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் வெள்ளையைத் தொட்டு மேடுகளில் மட்டும் தேய்த்தால் போதும்.

இரண்டு செ.மீ. மனித உருவங்களை வைத்து மொபைலில் படம் எடுக்கிறேன். எவ்வளவு முயன்றாலும் மேசை மேல் வைத்த பொம்மையாகவே வருகிறது.
— வாசகர், ஓசூர்

அது 1:87, ரயில் மாதிரிக்காரர்கள் எச்.ஓ. என்று சொல்லும் அளவு. அந்த ஆளின் கண் தரையிலிருந்து 18 மி.மீ.யில் இருக்கிறது. உங்கள் லென்ஸ் எங்கே இருக்கிறது? மொபைலைத் தலைகீழாகத் திருப்பித் தரையில் ஊன்றுங்கள், லென்ஸ் கீழே வந்து அந்த ஆள் பார்க்கும் உயரத்துக்கு இறங்கிவிடும். இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

அடுத்தது கூர்மை. நெருங்க நெருங்க, கூர்மையாக விழும் ஆழம் மயிரிழையாகிவிடும், பின்னணி கரைந்துபோகும். பெரும்பாலான மொபைல்களில் ஒளி புகும் லென்ஸ் துளையை மாற்ற முடியாது என்பதால் பின்னுக்கு நகர்ந்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். கேமரா இருந்தால் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி, குவியத்தைச் சிறிது சிறிதாகப் பின்னால் நகர்த்தி எட்டுப் பத்துப் படம் எடுத்து மென்பொருளில் ஒரே படமாக அடுக்குங்கள். துளையை இன்னும் சுருக்கி எஃப் 22-க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் படம் முழுக்க மழுங்கும்.

ஒளிக்கு டியூப்லைட் கூடவே கூடாது. சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம்தான், அதனால்தான் வெயில் நிழலுக்கு ஓரம் உண்டு. ஒரு மீட்டர் தூரத்தில் வைக்கும் விளக்கு ஒரு செ.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால் அந்த நிழல் வராது. இன்னொரு மொபைலின் எல்.இ.டி. போதும். ஒரு மீட்டரில் வைத்தால் 30 செ.மீ. ஆழமுள்ள காட்சியின் பின்புறம் முன்புறத்தில் 60 சதவீத வெளிச்சத்தோடு மங்கும், இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் முக்கால் பங்கு கிடைக்கும். எல்லாவற்றையும்விடச் சுலபம், காலை வெயிலில் மொட்டை மாடிச் சுவர். நம் பக்கத்துப் பாறைக் குன்றுகளே பின்னணி.

எடுக்கும் முன் பெரிதாக்கிப் பாருங்கள். துணியிலிருந்து விழுந்த ஒரு நூல் அங்கே ரோட்டில் கிடக்கும் தாம்புக்கயிறு.

மலைக்கோட்டையிலிருந்து எடுத்த ஊர்ப் படத்தைப் பொம்மை ஊர் மாதிரி மாற்றுவது எப்படி?
— வாசகி, கிருஷ்ணகிரி

மேலே சொன்னதற்கு நேர் எதிர். பக்கத்தில் உள்ள சின்னப் பொருளுக்கே முன்னும் பின்னும் மங்கும் என்று நம் கண்ணுக்குப் பழக்கம். 25 மி.மீ. துளையுள்ள லென்ஸ் 1:87 மாதிரியில் தரும் மங்கலை நிஜ ஊரில் பெற இரண்டு மீட்டருக்கு மேல் துளை வேண்டும். அதனால் பொய்யாக மங்கவைக்கிறோம். வானம் வராதபடி சரிந்த கோணத்தில், பேருந்தும் ஓட்டுக் கூரையும் தெரிய எடுங்கள். நடுவில் ஒரு கிடைப்பட்டையை விட்டு மேலும் கீழும் மங்கலாக்கி, நிறத்தையும் ஒளி–நிழல் வேறுபாட்டையும் கூட்டுங்கள். பலர் தவறுவது ஓரிடத்தில்: செல்போன் கோபுரத்தின் அடி கூர்மையாகவும் உச்சி மங்கலாகவும் இருந்தால் பொய் வெளிப்படும். அடியும் உச்சியும் ஒரே தூரம்தானே. கோபுரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மங்கலிலிருந்து விலக்குங்கள்.

பெரியவர்கள் இதில் நேரம் செலவழிப்பது குழந்தைத்தனம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.
— வாசகர், தர்மபுரி

அமெரிக்காவில் 1940-களில் ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண்மணி, மரணம் நடந்த அறைகளை ஓரடிக்கு ஓரங்குல விகிதத்தில் செய்து துப்பறிவாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் செய்த அறைகள் இன்றும் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. சிறிதாக்குபவர் பார்த்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

நம்மூர் அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. மூன்றடிக் கல் ஒன்றை மூன்று அங்குலத்தில் செய்ய உட்காருங்கள். வில் எந்தக் கையில், வாள் எந்தக் கையில், கால் எப்படி மடங்கியிருக்கிறது, எழுத்து வீரனுக்கு மேலேயா பக்கத்திலா? பத்துத் தடவை பார்த்தவருக்கும் பதில் தெரியாது. செய்தவருக்குத் தெரியும். இந்த ஈர்ப்பை நாங்கள் முழு மனதோடு மதிக்கிறோம், வீட்டாரையும் ஒரு நாள் தூரிகை பிடிக்கச் சொல்லுங்கள்.

மொரப்பூர்–தர்மபுரி பழைய குறுகிய ரயில்பாதையை மாதிரியாகச் செய்ய எந்தத் தண்டவாளம் வாங்குவது?
— வாசகர், மொரப்பூர்

சுதந்திரத்துக்கு முன்பே மூடப்பட்ட அந்தப் பாதையின் அகலம் இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ. எச்.ஓ. அளவில் (1:87) செய்ய, 87-ஆல் வகுத்தால் 8.8 மி.மீ. கடையில் ‘N’ அளவு என்று விற்கும் தண்டவாளம் 9 மி.மீ., அப்படியே பொருந்தும். இன்றைய அகலப் பாதைக்குத்தான் சிக்கல். 1,676 மி.மீ.க்கு 19.3 வேண்டும், எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ.தான்.

ஜல்லிக்கு கிரானைட் தூளைச் சலித்து அரை மி.மீ. துகளை எடுங்கள். உலர்வாகப் பரப்பி, தூரிகையால் ஒதுக்கி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரை மெல்லத் தெளித்து, பாதிக்குப் பாதி நீர் கலந்த பெவிகாலை ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுங்கள். சோப்பு இல்லாவிட்டால் சொட்டு உருண்டோடி ஜல்லியில் குழி பறிக்கும். ஒரு நாள் தொடாதீர்கள்.

நம் செம்மண்ணைப் பயன்படுத்தினால் இரும்புச் சட்டியில் வறுத்து, மல் துணியில் சலித்து, கடைசியாக ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதன் மேல் நாலு தடவை இழுங்கள். ஒட்டி வரும் கருமணலை அப்படியே விட்டுவைத்தால் இஞ்சினின் மோட்டார் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும், பிறகு வண்டி நகராது.