அக்கி, அம்மை, ஒரு ஆராய்ச்சி வாழ்க்கை

அன்புள்ள ஐயா,

வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. என் அம்மாவுக்கு 74 வயது. தை அறுவடை நேரத்தில் இடது விலாவில் எரிகிறது என்றார்கள். நாலு நாளில் கொப்புளம் கிளம்பியது. வழக்கம்போல, மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்கு அழைத்துப் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொண்டு வந்தோம். கொப்புளம் காய்ந்துவிட்டது. எரிச்சல் மட்டும் மாதக்கணக்கில் போகவில்லை.

என் அண்ணன் மகள் சென்னையில் ஹெர்பிஸ் வைரஸ்களைப் பற்றி பிஎச்டி செய்கிறாள். ஊருக்கு வந்தவள், "அப்பாயி, சின்ன வயசுல உனக்குப் போட்ட அம்மைதான் இது. இத்தனை நாள் உள்ளேயே இருந்திருக்கு" என்றாள். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "ஆத்தா வந்தா, தலைக்குத் தண்ணி ஊத்தி அனுப்பிவெச்சோம். போனவ அறுபது வருஷம் எப்படி உள்ளேயே இருப்பா?" என்று கேட்டார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். அண்ணனுக்குக் கவலை வேறு. ஐந்து வருடம் படிப்பு, பிறகு வெளிநாட்டில் சில வருடம், எல்லாம் இந்த ஒரு கிருமிக் கூட்டத்துக்காகவா என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அம்மாவின் எரிச்சலைப் பார்ப்போம். கொப்புளம் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் இந்த வலி, நரம்பு காயப்பட்டதால் வருவது. சாதாரண வலி மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது, ஆனால் நரம்பு வலிக்கென்றே மருந்துகள் இருக்கின்றன. இந்த வாரமே தோல் மருத்துவரிடமோ நரம்பு மருத்துவரிடமோ காட்டுங்கள். வயசானா அப்படித்தான், பொறுத்துக்கணும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இனி அம்மாவின் கேள்வி. அதே கேள்வியோடு மருத்துவ உலகம் பல தலைமுறை போராடியிருக்கிறது. வீட்டில் ஒரு பெரியவருக்கு அக்கி வந்தால் சில நாளில் அங்குள்ள குழந்தைகளுக்குச் சின்னம்மை போடுகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே புடாபெஸ்டில் ஒரு குழந்தை மருத்துவர் கவனித்து எழுதினார். 1950களில் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் வெல்லர் இரண்டு நோயின் கொப்புளங்களிலிருந்தும் வைரஸை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து, இரண்டும் ஒன்றே என்று காட்டினார். சரி, ஒரே வைரஸ். ஆனால் கிழவருக்கு அது எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து புதிதாகத் தொற்றியதா, உள்ளேயே இருந்ததா?

இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னவர் இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறிய ஊரில் வைத்தியம் பார்த்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். பெரிய ஆய்வகத்துக்காரர் இல்லை, குடும்ப டாக்டர். அவரிடம் வருகிற மக்கள் மொத்தமே 3,500 பேர் சுமார். அவர்களில் யாருக்கெல்லாம் அக்கி வந்தது, என்ன வயதில், உடம்பில் எந்த இடத்தில், அப்போது ஊரில் சின்னம்மை இருந்ததா என்று 1947 முதல் 16 வருடம் குறித்துக்கொண்டே வந்தார். 192 பேர் சேர்ந்தார்கள். ஊரில் சின்னம்மை பரவும் காலத்துக்கும் அக்கி வரும் காலத்துக்கும் தொடர்பில்லை, வயது ஏற ஏறத்தான் அக்கி கூடுகிறது என்று அந்தக் குறிப்புகள் காட்டின. 1965இல் எழுதினார்: சின்னம்மை ஆறியதும் வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்த் தங்கிவிடுகிறது, உடம்பின் எதிர்ப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கும்போது அதே நரம்பு வழியாகத் தோலுக்குத் திரும்புகிறது. விலாவில் ஒரு பக்கமாக மட்டும், பட்டை போட்டதுபோல அக்கி வருவது இதனால்தான். இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸின் டிஎன்ஏவைக் கண்டுபிடித்தது 1983இல். அவர் எழுதி 18 வருடம் கழித்து. 2003 வரை வாழ்ந்ததால் அதைப் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது.

ஆகவே அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். வந்தவள் போகவில்லை, அடங்கி இருந்தாள். அடக்கி வைத்திருந்தது உங்கள் அம்மாவின் உடம்பு. சின்னம்மையின்போது உருவான எதிர்ப்புப் புரதங்கள் ரத்தத்தில் கடைசிவரை இருக்கும், ஆனால் அக்கியைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் அவை இல்லை. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள்தான் அந்தக் காவலைச் செய்கின்றன. வயதாகும்போது, புற்றுநோய்ச் சிகிச்சை எடுக்கும்போது, ஸ்டீராய்டு நாள்பட எடுக்கும்போது அவை தளர்கின்றன. அறுபது வருடம் தளராமல் நின்ற காவலை அந்த அம்மாள் ஒருநாளும் அறிந்திருக்கவில்லை. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் அவர்கள் உடம்பின்மேல் பெரிய மரியாதை வருகிறது.

உங்கள் அண்ணனுக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. கிருமியைப் படிக்கிறாள் என்று அவர் நினைக்கிறார். அக்கி வைரஸும் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்; இந்தக் குடும்பத்து வைரஸைப் படிப்பவர்கள், அதை அடக்கி வைத்திருக்கும் மனித உடம்பைத்தான் பெரும்பாலும் படிக்கிறார்கள். மனிதர்களிடம் இவற்றில் ஒன்பது வகை இருக்கின்றன. உதட்டில் கொப்புளம் போடுவது முகத்து நரம்பின் முடிச்சில் தங்குகிறது. எப்ஸ்டீன்-பார் என்பது எதிர்ப்புப் புரதம் செய்யும் பி செல்லுக்குள்ளேயே, அதாவது காவல்காரனின் வீட்டிலேயே குடியிருக்கிறது. சைட்டோமெகலோ என்பது நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோரிடம் உண்டு. அது தொற்றியவர்களின் நினைவு டி செல்களில், அதாவது முன்பு பார்த்த கிருமியை நினைவு வைத்திருக்கும் டி செல்களில், சுமார் பத்தில் ஒரு பங்கு அந்த ஒரு வைரஸைக் கவனிப்பதற்கே போய்விடுகிறது. முதுமையில் நம் எதிர்ப்புச் சக்தி ஏன் இப்படி ஆகிறது என்று கேட்கிற யாரும் இந்த ஒன்பது பேரைச் சுற்றிப் போக முடியாது.

இந்த ஆராய்ச்சிக்கு நாள் பிடிப்பதற்கும் காரணம் உண்டு. அக்கி வைரஸ் மனிதர்களிடம்தான் இந்த நோயை உண்டாக்கும், எலிக்குக் கொடுத்தால் சின்னம்மையும் வராது, அக்கியும் வராது. ஆய்வகத்தில் வளர்த்தாலும் செல்லை விட்டு எளிதில் வெளியே வராது. ஜப்பானிய விஞ்ஞானி மிச்சியாக்கி தக்காஹாஷி 1964இல் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது அவருடைய சின்ன மகனுக்குச் சின்னம்மை வந்து படாத பாடு பட்டான். அதிலிருந்து சின்னம்மைத் தடுப்பூசி வேலையில் இறங்கினார். ஒசாகாவில் பலவகைச் செல்களில் வளர்த்து வளர்த்து வைரஸை வலுவிழக்கச் செய்து 1974இல் முடிவை வெளியிட்டார். அமெரிக்கா அதை அனுமதித்தது 1995இல். அக்கிக்கு முதலில் வந்த தடுப்பூசி அதே வைரஸைப் பதினாலு மடங்கு கூட்டிக் கொடுத்ததுதான். இப்போது இந்தியாவிலும் 2023 முதல் கிடைப்பது வேறு வகை, வைரஸின் ஒரே ஒரு புரதத்தை வைத்துச் செய்தது. ஐம்பது வயது கடந்தவர்களிடம் நடந்த பரிசோதனையில் 97 சதவீதம் அக்கியைத் தடுத்தது. விலை அதிகம். நம் விவசாயக் குடும்பங்களுக்கு எட்டாத விலை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

அண்ணனின் கவலையில் ஒரு பாதி நியாயம்தான். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும். பிஎச்டி முடித்ததும் நிரந்தர வேலை கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டில் சில வருடம் அவள் பயிற்சி எடுப்பது தேவையும்கூட, அனுப்பட்டும். ஆனால் நம் டெல்டாவுக்கென்று ஒரு கேள்வியை அவள் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு ஆசை.

சின்னம்மைக் குழந்தையோடு ஒரே வீட்டில் இருக்கும் பெரியவர்களின் காவல் மறுபடி விழித்துக்கொள்ளும் என்று ஹோப்-சிம்ப்சன் அன்றே ஊகித்தார். 2020இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு, அப்படிப்பட்டவர்களுக்கு அடுத்த இருபது வருடத்தில் அக்கி சுமார் 30 சதவீதம் குறைவு என்றது. நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும். போதாததற்கு, வெப்பமண்டல நாடுகளில் சின்னம்மை குளிர்நாடுகளைவிடப் பிந்திய வயதில்தான் வருகிறது. குழந்தைகள் இல்லாமல் போன நம் தெருக்களில் அக்கி கூடியிருக்கிறதா? குளிர்நாட்டுக் கணக்கை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இங்கேயே, வருடக்கணக்கில் குறிக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்தக் கணக்கு ஓரளவுக்கு ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களில் யாருக்கு அக்கி வந்தாலும் டாக்டருக்கு முன்னால் பார்ப்பவர் உங்கள் வேளார். எந்த வீடு, என்ன வயது, எந்தப் பக்கம் என்று அவருக்கு நினைவிருக்கும். காவி வைரஸை ஒன்றும் செய்யாது, இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவரை விரட்டிவிட்டு எதையும் சாதிக்க முடியாது. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள், வைரஸை அடக்கும் ஏசைக்ளோவிர் வகை மருந்தைத் தொடங்கினால்தான் முழுப் பலன். அவர் எழுதிவிட்டு, "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி மாத்திரை வாங்கிடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் என்றால் கண் பார்வைக்கு ஆபத்து, எழுதக்கூட நேரம் எடுக்காமல் அனுப்ப வேண்டும். கொப்புளம் ஈரமாக இருக்கும்வரை கைக்குழந்தைகளையும், அம்மை போடாத கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விடக்கூடாது என்பதையும் அவர் வாயால் சொன்னால் ஊர் கேட்கும்.

அடுத்த முறை வரும்போது அண்ணன் மகளை அவரிடம் அழைத்துப் போங்கள். அவருக்குச் சம்மதமென்றால், தன் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு, வருகிறவர்களின் வயது, வீட்டில் குழந்தைகள் உண்டா, அம்மை எந்த வயதில் போட்டது என்ற மூன்றை மட்டும் அவள் குறிக்கத் தொடங்கட்டும். வழிகாட்டியிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கினால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், விண்ணப்பத்தைத் தமிழில் நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்